உஷார்! அவருக்கு வேண்டியது உங்கள் தீர்மான நோட்டு

மலைக்கு ஃபண்டு வருகிறது என்று யாராவது சொன்னால், முதல் வேலையாகக் குழுவின் தீர்மான நோட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், அதிலும் கல்வராயன் மலையில், மகளிர் குழு, இளைஞர் மன்றம், உழவர் குழு என்று ஏதோ ஒரு பெயரில் கூடி நல்லது செய்ய நினைக்கிறவர்களுக்காக அவசரமாக எழுதுகிறேன். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி வாங்கியது. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாக முன்வந்து வழக்கெடுத்து, சாலை எங்கே, பள்ளி எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று அரசைக் கேட்டது. அதே ஆண்டு பிப்ரவரி பட்ஜெட்டில்தான் பழங்குடியினருக்கான தொல்குடித் திட்டம், நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. எல்லாம் நல்ல செய்திதான். ஆனால் பணம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய ஊருக்குப் பணத்துக்கு முன்னால் தரகர் வந்து சேருவார். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்க வந்தவரையும், கரும்பு வெட்டுக்கு முன்பணம் நீட்டிய மேஸ்திரியையும் பார்த்த மலை இது. இப்போது வருகிறவர் லேப்டாப் பையோடு வருவார், 'ப்ராஜெக்ட்' என்பார்.

தரகர் இங்கே எளிதாக நுழைவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசு அலுவலகத்தோடு மக்களுக்கு நேரடிப் பழக்கம் ஏற்பட்டே இரண்டு தலைமுறைதான் ஆகிறது. அலுவலகம் என்றால் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. போதாக்குறைக்கு எல்லா விண்ணப்பமும் ஆன்லைன் ஆகிவிட்டது. சிக்னல் கிடைக்காத ஊரிலிருந்து ஓ.டி.பி. வாங்குவதற்காகத் தரகரே பைக்கில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வரை கூட்டிப்போவார். அந்த அன்பில்தான் ஏமாறுகிறோம்.

அவர் பேசுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "அக்கா, கடுக்காய்ப் பொடி மெஷினுக்கு உங்க குழுவுக்கு மூணரை லட்சம் மானியம் ரெடியா இருக்கு. ஃபைல் காசு ஐயாயிரம் மட்டும் கட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவில் ஆளுக்கு நானூற்றுச் சொச்சம். "போனால் நானூறுதானே" என்று பெண்கள் போட்டுவிடுவார்கள். என் வயிற்றைக் கலக்குவது இந்தக் கணக்குதான். ஐயாயிரத்துக்காக யாரும் வெள்ளிமலை ஏறி வருவதில்லை. காசோடு சேர்த்து அவர் வேறு என்ன வாங்கிப் போகிறார் என்று பாருங்கள். எல்லா உறுப்பினரின் ஆதார் நகல், இரண்டு போட்டோ, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர் பேடு. "விவரத்தை ஆஃபீஸ்ல எழுதிக்கறோம்" என்று நடுவில் இடம் விட்டுக் கீழே அத்தனை பேரும் கையெழுத்திட்ட தீர்மானம். முடிந்தால் ஒரு காசோலைத் தாள். இந்தக் கட்டுதான் அவருக்குச் சரக்கு. நீங்கள் கட்டிய ஐயாயிரம் அவருக்கு பெட்ரோல் செலவு.

அந்தக் கட்டை வைத்து என்னென்ன செய்யலாம்? உங்கள் குழுவின் பெயரில் வேறொரு ஊரில், வேறொரு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கலாம். இணைய மோசடிக் கும்பல்கள் நாடு முழுக்க இப்படிப்பட்ட கணக்குகளைத் தேடிக்கொண்டிருக்கின்றன. திருடிய பணத்தைக் கைமாற்றிவிட அவர்களுக்கு வாடகைக் கணக்கு வேண்டும். தனிநபர் சேமிப்புக் கணக்கில் ஒரே நாளில் இருபது லட்சம் வந்து போனால் வங்கி முழித்துக்கொள்ளும். சங்கம், டிரஸ்ட், கம்பெனி என்ற பெயரில் இருக்கும் நடப்புக் கணக்கில் போனால் அவ்வளவு சீக்கிரம் கேள்வி வராது. நாளைக்கு ஐதராபாத் சைபர் போலீஸோ புனே போலீஸோ கணக்கை முடக்கினால், அதில் இருக்கும் ஆதாரும் போட்டோவும் உங்களுடையவை. சாமை அறுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தெரியாத மொழியில் நோட்டீஸ் வரும்.

கணக்கு வேண்டாமென்றால் கடன் வாங்கலாம். குழுக் கடனில் எல்லோரும் எல்லோருக்கும் பொறுப்பு. காகிதத்தில் பன்னிரண்டு கையெழுத்தும் சரியாக இருந்தால், பணத்தை யார் எடுத்துப்போனார் என்று நுண்கடன் நிறுவனத்தின் வசூல்காரர் கேட்கப் போவதில்லை. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. சுய உதவிக் குழுக்களையும் மனத்தில் வைத்துத்தான் கொண்டுவந்தது. ஆனால் வாசலில் வந்து மிரட்டுவதைத்தான் அந்தச் சட்டம் தடுக்கும். நீங்களே போட்ட கையெழுத்தை அது அழித்துத் தராது.

உங்கள் குழுவையே வசூல்காரராக்கும் மூன்றாவது வழிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் அதில் ஏமாறுகிறவரும் ஏமாற்றுகிறவரும் ஒரே ஆளாகிவிடுவார். 2025 தொடக்கத்தில் கேரளத்தில் வெடித்த 'பாதி விலை' விவகாரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்கூட்டர், தையல் மெஷின், லேப்டாப் எல்லாம் பாதி விலைக்கு. பாதியைப் பெண்கள் கட்ட வேண்டும், மீதியைப் பெரிய கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது சமூகப் பொறுப்பு நிதி, கட்டும் என்றார்கள். ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய 60,000 ரூபாய். அந்தப் பணத்தை அவர்கள் நேரடியாகவா வசூலித்தார்கள்? இல்லை. அந்தந்த ஊரில் நல்ல பெயர் எடுத்த சிறு தொண்டு அமைப்புகளும், இதற்கென்றே வட்டாரம் வட்டாரமாகத் தொடங்கிய சங்கங்களும்தான் வசூலித்துக் கொடுத்தன. முதலில் சேர்ந்த சிலருக்கு வண்டி கிடைத்தது. அரசியல் பிரமுகர்களை வைத்து வழங்கும் விழா நடந்தது, போட்டோ வந்தது. அதைப் பார்த்து ஊரே பணம் கட்டியது. பிறகு வண்டி வரவில்லை. சி.எஸ்.ஆர். பணம் என்று ஒன்று வரவே இல்லை, பின்னால் வந்தவர் காசில்தான் முன்னால் வந்தவருக்கு வண்டி போனது என்கிறது விசாரணைத் தரப்பு. ஆயிரக்கணக்கில் புகார் குவிந்து, அமலாக்கத் துறை வரை போனது. ஊரில் பணம் வாங்கிக் கொடுத்த அமைப்புக்காரர்கள் என்ன ஆனார்கள்? அவர்களில் பலர் உண்மையிலேயே நம்பித்தான் செய்தார்கள். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் பணத்தைக் கேட்டு வந்து நின்றது அவர்கள் வாசலில்தான். சிலர் மீது வழக்கும் பாய்ந்தது.

நம் பக்கமும் சுத்தமில்லை. 2025 ஜனவரியில் சேலம் அம்மாப்பேட்டையில், அறக்கட்டளை என்ற பெயரில் மண்டபம் பிடித்து மக்களிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ் நுழைந்து கட்டுக்கட்டாக ரொக்கத்தை அள்ளியது. அதே ஆண்டு செப்டம்பரில் சி.பி.சி.ஐ.டி. தமிழ்நாடு முழுக்க இரிடியம் மோசடிக் கும்பல்களைக் கைது செய்தது. இரிடியம் விற்ற பணம் பல்லாயிரம் கோடி ரிசர்வ் வங்கியில் எங்கள் டிரஸ்ட் பெயரில் இருக்கிறது, அதை எடுக்க வரி கட்ட வேண்டும், இப்போது லட்சம் கொடுத்தால் அப்புறம் கோடி என்பதுதான் அவர்கள் கதை. போலி முத்திரை குத்திய கடிதங்களைக் காட்டியிருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் ரிசர்வ் வங்கியே புகார் கொடுத்தது. எந்த டிரஸ்டுக்கும் தனி ஆளுக்கும் ரிசர்வ் வங்கி கணக்கு வைத்துக்கொள்வதே இல்லை என்ற ஒரே ஒரு விவரம் தெரிந்திருந்தால் போதும், கதை முதல் வரியிலேயே முடிந்திருக்கும்.

அதனால் தரகர் சொல்லும் கதைகளை எதைக் கொண்டு முதல் வரியிலேயே முடிக்கலாம் என்று பார்ப்போம்.

மூணரை லட்சம் மானியம் என்ற பேச்சு பெரும்பாலும் தாட்கோவின் முதலமைச்சர் தொழில்முனைவோர் திட்டத்திலிருந்து கிளம்புகிறது. அது பொய்யான திட்டம் இல்லை. பாதியை மட்டும் சொல்வதுதான் பொய். திட்டச் செலவில் 35 சதவீதம் அல்லது 3.5 லட்சம், இரண்டில் எது குறைவோ அது மானியம். அதாவது மூணரை லட்சம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் பத்து லட்ச ரூபாய்த் தொழில் வேண்டும். மீதி ஆறரை லட்சத்தில் பெரும்பகுதி வங்கிக் கடன், தவணை கட்டியாக வேண்டும். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை விதை மூலதனம் உண்டு. அதையும் "ஆளுக்கு நாப்பதாயிரம் ஃப்ரீ" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அது குழுக்களின் கூட்டமைப்புக்குத்தான் மானியம். உறுப்பினர் கைக்கு வரும்போது கடன். திருப்பிக் கட்டினால்தான் அடுத்தவருக்குச் சுழலும்.

பெரிய கம்பெனி சி.எஸ்.ஆர். ஃபண்டு என்றால் ஒரே கேள்வி: சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் என்ன? 2021 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவு இல்லாத அமைப்புக்குக் கம்பெனி பணம் கொடுக்க முடியாது. அந்தப் பதிவுக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி இரண்டும் வேண்டும், மூன்று ஆண்டு வேலை செய்த வரலாறும் வேண்டும். போன மாதம் பெயர் வைத்த உங்கள் இளைஞர் மன்றத்துக்கு நேராக சி.எஸ்.ஆர். பணம் வாங்கித் தருகிறேன் என்பவர் சட்டம் தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர்.

ஃபாரின் ஃபண்டு என்ற சொல்லைக் கேட்டால் இரட்டிப்பு உஷார். இதில் ஏமாற்றுக்காரர் இல்லாமலேயே நீங்கள் மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் வேலை செய்யும் ஊர்ப் பையன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக நூலகத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு அதை வாங்கினால் ஐந்து ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம். செயலாளரின் சொந்தக் கணக்கில் போடச் சொன்னாலும் தப்ப முடியாது. கனடாவில் இருக்கும் மாமா ஆசையாக அனுப்புவதுதான், ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

இங்கேதான் தரகர் குறுக்கே புகுவார். "என் டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. இருக்கு, அதுல வாங்கி உங்களுக்கு மாத்திவிடறேன், பத்து பெர்சன்ட் கமிஷன்." 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்தக் கதவை மொத்தமாக அடைத்துவிட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்கிய அமைப்பு அதை வேறெந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது, பதிவு பெற்ற அமைப்புக்குக்கூட. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டும்தான் முதலில் வந்து விழ முடியும். சின்னசேலம் கிளையில் கணக்குத் திறந்தால் லண்டன் பணம் வரும் என்பவரிடம் வேறெதுவும் பேச வேண்டியதில்லை. 

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று வருகிறவர் இன்னொரு ரகம். 2020-இல் தொடங்கிய 10,000 நிறுவனங்கள் திட்டத்தில் மலைப்பகுதிக்குச் சலுகை உண்டு. சமவெளியில் 300 பேர் வேண்டும் என்றால் மலையில் 100 பேர் போதும். உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை அரசும் போடும். இதனால்தான் நூறு ஆதார் அட்டைக்கு இங்கே மதிப்பு. "நீங்க பணமே போட வேணாம்மா, உங்க பேர்ல நானே போட்டுக்கறேன்" என்பார். கேட்க இனிப்பாக இருக்கும். பங்கு உங்கள் பெயரில், கம்பெனி அவர் பாக்கெட்டில். மரவள்ளிக்கு நல்ல விலை வாங்கித் தரவேண்டிய நிறுவனம் அவருடைய மண்டியாகிவிடும். அதுவும் 10,000 என்ற இலக்கு 2025 பிப்ரவரியிலேயே எட்டப்பட்டுவிட்டது. இப்போது புதிதாக ஒருவர் அதே திட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தால், நபார்டு வங்கியின் மாவட்ட மேலாளரிடம் கேட்காமல் பெயர் கொடுக்காதீர்கள்.

நமக்கு நாமே திட்டத்திலும் இதே தந்திரம் உண்டு. மக்கள் தங்கள் பங்கைப் போட்டால் மீதியை அரசு போட்டு ஊருக்கு வேலை நடக்கும் என்பது அதன் உயிர். அந்த மக்கள் பங்கை நானே கட்டிவிடுகிறேன் என்று காண்டிராக்டர் முன்வந்தால், கட்டிய பணத்தைச் சிமெண்டில் எடுத்துக்கொள்வார். ஓராண்டில் சுவர் விரிசல் விட்டால் ஊர்க் கமிட்டி வாயைத் திறக்க முடியாது, ஏனென்றால் விண்ணப்பம் கமிட்டியின் பெயரில்.

காசு கேட்கிற இடங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அரசு மானியம் கேட்கும் தொண்டு நிறுவனங்களுக்கு வேண்டிய நிதி ஆயோக்கின் தர்பன் எண் இலவசம். அதற்கு ஐயாயிரம், எட்டாயிரம் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க 60 ரூபாய். பழங்குடியினர் சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர்தான், டிரஸ்ட் தலைவர் கிடையாது. மகளிர் திட்டத்தில் சுழல் நிதிக்குக் கட்டணம் எதுவும் இல்லை. ஒழுங்காகக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், வசூல், கணக்கு என்று ஐந்தையும் நடத்தும் குழு தரமதிப்பீட்டில் தானாக மேலே வரும். குழுக் கடன் பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, சேமிப்பைப் பிடித்துவைக்கக் கூடாது, டெபாசிட் போடச் சொல்லக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. "மேலே அதிகாரிக்குக் கொடுக்கணும்" என்று யாராவது சொன்னால் அந்த அதிகாரியின் பெயரைக் கேளுங்கள். பெயர் வந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம், வராவிட்டால் விஷயம் விளங்கிவிட்டது.

எல்லாம் சரியாக நடந்து உண்மையான மானியமே வந்தாலும் ஓர் இடத்தில் வழுக்கும். யூ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ். பணம் இன்ன வேலைக்கு இவ்வளவு செலவானது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. மெஷின் இறங்குவதற்கு முன்பே, "மார்ச் முடியுது, கையெழுத்துப் போட்டுடுங்க, பொருள் பின்னாடி வரும்" என்பார்கள். போடாதீர்கள். மத்திய அரசு மானியத்தில் செலவாகாத பணத்தையும், அதற்கு வங்கி கொடுத்த வட்டியையும்கூடத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது விதி. தணிக்கையில் கேள்வி வந்தால் பொருள் தந்த கம்பெனி காணாமல் போயிருக்கும். யூ.சி.யில் இருப்பது செயலாளரின் கையெழுத்து.

நேர்மையாக உதவுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. விண்ணப்பம் எழுதித் தர, கணக்குச் சரிபார்க்க, பட்டயக் கணக்காளரிடம் போகக் காசு செலவாகும், அது கூலி. கூலிக்கு ரசீது உண்டு. வரப்போகும் பணத்தில் சதவீதம் கேட்பவரும், ரசீது கேட்டால் முகம் சுளிப்பவரும், "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள" என்று துரத்துபவரும் கூலிக்கு வேலை செய்கிறவர்கள் இல்லை. வெள்ளிமலையில் பழங்குடியினர் திட்ட அலுவலகம் இருக்கிறது, உங்கள் ஊராட்சியில் பி.எல்.எஃப். என்னும் குழுக்களின் கூட்டமைப்பு இருக்கிறது. அங்கே கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். கேளுங்கள் என்பவரோடு மேலே பேசலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வயிற்றில் புளி கரைகிறவர்கள் நாளைக்கே செய்ய வேண்டியவை இருக்கின்றன. குழுவைக் கூட்டி, இன்ன தேதியில் வெற்றுத் தாளில் போட்ட தீர்மானத்தை ரத்து செய்கிறோம் என்று தேதியோடு புதுத் தீர்மானம் எழுதுங்கள். அதன் நகலோடு உங்கள் வங்கிக் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்து, கொடுத்துவிட்ட காசோலையின் எண்ணைச் சொல்லி நிறுத்திவையுங்கள். இன்னொரு நகலில் வங்கியின் முத்திரை வாங்காமல் வராதீர்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோன் வழியாகப் பணம் போயிருந்தால் 1930-ஐ அன்றே அழையுங்கள். நாள் கடந்தால் பணம் நாலு கை மாறிவிடும். உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா என்று சிபில், ஹைமார்க் போன்ற நிறுவனங்களின் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். ஊக்குநர், பிரதிநிதிகள் மட்டும் எடுத்தால் போதாது. ஆதார் கொடுத்த பன்னிரண்டு பேரும் எடுக்க வேண்டும்.